நீட்டா அடி

சைதாப்பேட்டை கோர்ட்டுக்கு எதிர்ச்சந்தில்
ஜெராக்ஸ் மெஷினுக்கும் சுவருக்கும் நடுவே
ஒரு நாற்காலி அகலம் இடம்.
அதில் நான்.
பக்கத்துக்கு முப்பது ரூபாய்.
வருகிறவர்கள் சொல்லிவைத்தாற்போல்
ஒன்றையே சொல்கிறார்கள்:
"நீட்டா அடிச்சுக் குடும்மா."

முதல் வருஷம் அதற்கு
எழுத்து பன்னிரண்டு, ஓரம் ஒரு அங்குலம்,
பிழை இல்லை,
அவ்வளவுதான் பொருள்.
பள்ளியில் கட்டுரை நோட்டின் கடைசியில்
நீட்னஸ் என்று ஒரு கட்டம் இருக்கும்.
அதில் மட்டும் எனக்கு ஐந்துக்கு ஐந்து.
கட்டுரைக்கு இரண்டு.

ஏழு மணிக்கு மேல் கடைக்குப் பின்னால்
குமாஸ்தா தனசிங்
தண்ணீர் பாக்கெட்டைப் பிரிக்காமலே தள்ளிவைத்து
"இன்னிக்கு நீட்டாவே அடிக்கிறேன்" என்பார்.
நல்ல நாளா கெட்ட நாளா
அதிலிருந்து தெரியாது.

கிண்டி இறக்கத்தில் ஒருமுறை
பேருந்திலிருந்து குதித்த ஆள்
பின்பாக்கெட்டைத் தடவியபடியே சொன்னார்:
"நீட்டா அடிச்சிட்டான்யா."
வாயில் வசவு வரவில்லை,
கிட்டத்தட்ட ஒரு பாராட்டு.

வீடு தேடி அலைந்த மாசம்
துலுக்காணம் அண்ணன் பைக்கில் கூட்டிப்போனார்.
நீட்டான ஃபேமிலிக்குத்தான் தருவாங்களாம்.
இஸ்திரி போட்ட சுடிதார், மல்லிப்பூ,
நகத்தைக்கூட வெட்டியிருந்தேன்.
அப்பா பெயர் கேட்டார்கள்.
அம்மாவுக்கு எந்த ஊர் என்றார்கள்.
ஞாயிற்றுக்கிழமை என்ன சமைப்பீர்கள் என்றார்கள்.
படியிறங்கும்போது அண்ணன்
ஹெல்மெட்டைப் பார்த்துச் சொன்னார்:
"அவங்க கேட்டது அழுக்க இல்லம்மா."
நாலாவது வீட்டில் நானே முந்திக்கொண்டு
கேரளாவில் சொந்தம் என்று சொல்லிப் பார்த்தேன்.
அதுவும் எடுபடவில்லை.

போன திங்கள் பூங்காவனம் வந்தாள்.
ரூல் போட்ட தாளில் பென்சிலால் நாலு பக்கம்.
மகன் லோகு. பத்தொன்பது வயது.
இரண்டு இரவு ஸ்டேஷனில்.
டாக்டர் தேடிப்பார்த்துக் காயம் இல்லை என்றாராம்.
"காயமே தெரியாம
நீட்டா அடிச்சிருக்காங்கம்மா"
என்றவள் அதே மூச்சில்,
"நீயும் நீட்டா அடிச்சுக் குடு."

விரல் நின்றது.
அவளுக்கு ஒன்றும் தோன்றியதாய்த் தெரியவில்லை.
விசிறியைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

இரண்டாம் பக்கத்தில்
"மகன் படியில் விழுந்தான்" என்று எழுதி
அடித்திருந்தாள்.
மேலே "விழுந்ததாகச் சொல்லச் சொன்னார்கள்."
அதையும் அடித்திருந்தாள்.
கீழே மறுபடி "விழுந்தான்",
பென்சில் தாளைக் கிழித்துக்கொண்டு போயிருந்தது.
அதன்பிறகுதான்
தெளிவாக, பெரிய எழுத்தில், நடந்தது.

மனு என்றால்
அடித்தல் திருத்தல் இல்லாமல் இருக்க வேண்டும்.
சுவரில் நானே ஒட்டிவைத்திருக்கிறேன்.
ஆனால் நடந்ததில் பாதி
அந்த அடித்தலில்தான் இருந்தது:
எத்தனை பேர் வீட்டுக்கு வந்து பேசினார்கள்,
எந்த இரவு அவள் ஒப்புக்கொண்டாள்,
எந்தக் காலை மாட்டேன் என்றாள்.

எழுத்தின் நடுவே கோடு இழுக்க
ஒரு பொத்தான் உண்டு. யாரும் கேட்டதில்லை.
மூன்று இடத்திலும் இழுத்தேன்.

தாளை வாங்கிப் பார்த்தாள்.
"இன்னாம்மா கோடு?"
"நீங்க போட்டதுதான்."
ரொம்ப நேரம் பார்த்தாள்.
கோட்டின் மேல் விரலை வைத்தாள், எடுத்தாள்.
"இல்ல. வாங்க மாட்டாங்க.
இத எடுத்துட்டு நீட்டா அடி."

அவளுக்குத் தெரியும்,
என்னைவிட.

இரண்டாம் முறை அடித்தது சுத்தமாக வந்தது.
முப்பதை நீட்டினாள், வேண்டாம் என்றேன்,
மேசைமேல் வைத்துவிட்டுப் போனாள்.
மூன்று பத்து ரூபாய், ஒன்றில் செலோடேப்.

கோடு போட்ட தாளைக் கிழிக்க மனசில்லை.
அன்றிலிருந்து அது
என் மவுஸுக்கு அடியில்.